லேசாகக் குழி விழுகிறது

என் அண்ணிக்கு வேலை, நோயாளியாக இருப்பது. யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். "ஐயோ பாவம், என்ன நோய்?" என்பார்கள். "எந்த நோய் கொடுத்தாலும் செய்வாங்க" என்பேன். அதற்குமேல் விளக்க எனக்குப் பொறுமை கிடையாது. நாள் முழுக்கப் பேருந்து நிலைய விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து, தலைக்கு மேலே எழுதித் தொங்கவிட்டிருப்பதையே வந்து கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, என் பொறுமையெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இங்கே விளக்கித்தான் ஆக வேண்டும். மருத்துவக் கல்லூரியின் பின்பக்கம் ஒரு பயிற்சிக் கூடம் இருக்கிறது. நீளத் தாழ்வாரம், அதன் ஒரு பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மேஜை, சில நாற்காலிகள், சுவரோரம் ரெக்சின் கிழிந்த ஒரு படுக்கை. மணி அடித்ததும், டாக்டராகப் போகிற பிள்ளைகள் ஆளுக்கொரு கதவைத் தட்டி உள்ளே போவார்கள். உள்ளே நோயாளி காத்திருப்பார். நிஜ நோயாளி இல்லை, சம்பளத்துக்கு நோயாளி. அவரிடம் விசாரித்து, என்ன ஏது என்று கண்டுபிடித்து, ஆறுதலாக நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் மறுபடி மணி அடித்துவிடும். எழுந்து அடுத்த அறைக்குப் போக வேண்டும். மூலையில் ஒருவர் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். இந்தச் சம்பள நோயாளிகளுக்கு அங்கே டம்மி பேஷன்ட் என்று பெயர். அண்ணி முதலில் முகம் சுளித்தாள். பிறகு பழகிவிட்டது.

அதற்கு முன் அவள் ஜவுளிக்கடையில் இருந்தாள். நின்று நின்று காலில் நரம்பு சுருண்டு, இனி நிற்கவே கூடாது என்று ஆகிவிட்டது. உட்கார்ந்து பார்க்கிற வேலை எதுவானாலும் சரி என்று தேடியபோதுதான் இது வந்தது. கூடத்தை நடத்துகிற பெரிய டாக்டரம்மா, "நடிக்க வருமா உங்களுக்கு?" என்று கேட்டாராம். "கடையில இருந்த துணி மொத்தத்தையும் பிரிச்சுப் போடச் சொல்லிட்டு, ஒண்ணும் வாங்காம எழுந்து போறவங்களைப் பார்த்துச் சிரிச்சிருக்கேன்மா" என்றாளாம் அண்ணி. அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார்.

உறவு முறைப்படி நான் அவளிடம் குறை கண்டுபிடிக்க வேண்டியவள், நாத்தனார். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்து, அண்ணன் வீட்டுப் பின்னறையில் பல வருஷமாக இருக்கிறேன். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டாதவளிடம் என்ன குறையைக் கண்டுபிடிப்பது? அவள் பேசுவது குறைவு, அது ஒன்றுதான். நான் கேட்காமலே சொல்கிறவள், அவள் கேட்டாலும் யோசிக்கிறவள். அண்ணன், "உங்க ரெண்டு பேரையும் சேர்த்துக் கலக்கி ரெண்டாப் பிரிச்சா சரியா இருக்கும்" என்பான்.

பெரிய டாக்டரம்மாவுக்கு ஒரு கோபம் உண்டு. டாக்டராகி வெளியே வருகிற பிள்ளைகளுக்கு நோய் தெரிகிறது, நோயாளி எந்த வாசல் வழியாக வந்தார் என்று தெரியவில்லை என்பது. இந்த வாசலில் ஒரு மாத்திரை, அந்த வாசலில் அதற்கு ஆகாத இன்னொரு மாத்திரை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, பஸ் கிடைக்கவில்லை, வேலையை விட்டுவிட்டு வர முடியவில்லை. இதையெல்லாம் கேட்காமல் எழுதுகிற மருந்தில் பாதி குப்பைத்தொட்டிக்குத்தான் போகிறது என்பார். அதனால் நோயைச் சுலபமாக வைத்து, மற்றதையெல்லாம் சிக்கலாக வைத்துப் பரீட்சை தயாரிப்பார். அப்படி ஒரு பரீட்சை தயாரிக்கும்போது அண்ணியை உட்கார வைத்து, "உங்க வீட்ல எப்படி நடக்கும், சொல்லுங்க" என்று கேட்டார்.

அண்ணி சொன்னாள். வேறு யாருடைய கதையைச் சொல்வாள்? எங்கள் அண்ணன் கதையைத்தான் சொன்னாள்.

அண்ணனுக்குச் சொந்தமாகச் சின்ன மோட்டார் கடை. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவான். தரையில் குந்தி உட்கார்ந்து செய்கிற வேலை, முட்டி இரண்டும் போய்விட்டது. போதாததற்கு ரத்தக் கொதிப்பு, இதயம் கொஞ்சம் பலவீனம். பெரிய ஆஸ்பத்திரியில் இதயம் ஒரு கட்டடம், முட்டி ஒரு கட்டடம், இரண்டுக்கும் நடுவில் அண்ணன். முட்டிக்காரர்கள் கொஞ்ச நாளைக்கு என்று ஒரு வலி மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாள் முடிந்ததும் அண்ணன் அதை மருந்துக்கடையில் தானே வாங்கிப் போட ஆரம்பித்தான். போட்டால்தான் குந்த முடியும், குந்தினால்தான் காயில் கட்ட முடியும். இதயக் கட்டடத்தில் இதைச் சொன்னால் திட்டுவார்கள் என்று சொல்லவில்லை.

டாக்டரம்மா இதை அப்படியே கேஸாக எழுதிவிட்டார். கணவனுக்குக் கால் வீக்கம், நடந்தால் மூச்சு வாங்குகிறது. மனைவி கூட வந்திருக்கிறாள். அவள் கைப்பையில் வலி மாத்திரை அட்டை இருக்கிறது. வீக்கத்துக்குக் காரணமே அந்த மாத்திரைதான். ஆனால் "வேறு எங்காவது காட்டுகிறீர்களா, வேறு மாத்திரை ஏதாவது போடுகிறாரா" என்று கேட்டால்தான் பையைத் திறக்க வேண்டும். கேட்காதவரை வாயைத் திறக்கக்கூடாது. மனைவி, அண்ணி. கணவனாக உட்காருகிறவர் ஒரு வயதானவர், எந்நேரமும் கொட்டாவி விடுவார் என்பதால் கொட்டாவி என்றே பெயர்.

இந்த வேலையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நீர் கோத்து வீங்கிய காலை அழுத்தினால் குழி விழும், வீக்கம் மேலே ஏற ஏற ஆபத்து. கொட்டாவியின் காலில் வீக்கம் கிடையாது அல்லவா? அதனால் மாணவர், "காலை அழுத்திப் பார்க்கிறேன்" என்று சொன்னால் போதும், தொட வேண்டியதில்லை. மூலையில் இருக்கிறவர் கையிலுள்ள அட்டையைப் பார்த்து, "கணுக்காலில் லேசாகக் குழி விழுகிறது" என்று படிப்பார். அவர் தூங்கி வழிந்தால் அண்ணியே சொல்லிவிடுவாள். சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். இன்னொன்று, ஒரு நாள் கொட்டாவி நிஜமாகவே மயங்கிச் சாய்ந்துவிட்டார். எதிரே இருந்த மாணவி, "உங்க வேதனை எனக்குப் புரியுது சார்" என்று பாடத்தில் உள்ளபடி ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு வந்தது. நடிப்பு நின்று நிஜமாகிவிட்டால் மேஜையைக் கையால் ஓங்கித் தட்டி, "மணி அடிங்க" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டால் யாராக இருந்தாலும் பரீட்சையை விட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும்.

இப்படி ஒரே கணவனுக்காக ஒரே கண்ணீரைக் காலை முதல் மாலை வரை விட்டுவிட்டு, துவைத்துப் பிழிந்த துணியாக வீட்டுக்கு வருவாள் அண்ணி. அண்ணன் கதவைத் திறக்கும்போதே, "இன்னைக்கு எத்தனை பேர் என்னைக் காப்பாத்தினாங்க?" என்பான். "பாதிப் பேர் பையைப் பத்திக் கேக்கவே இல்லைங்க" என்று அப்படியே செருப்போடு நாற்காலியில் சாய்வாள். வலி மாத்திரை எதற்கு ஆகாது, ஏன் ஆகாது என்பது இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும். அண்ணனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். "விட்டுட்டேன்டி, எப்பவோ விட்டுட்டேன்" என்று அடித்துச் சொன்னான். நம்பினோம். பூசி மெழுகுவதில் எங்கள் அண்ணனை யாரும் மிஞ்ச முடியாது.

பிறகு அவன் நிஜமாகவே படி ஏறி வந்து மூச்சு வாங்கினான். இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இரண்டு முறையும் வெவ்வேறு டாக்டர், இரண்டு முறையும் நாங்கள் நாற்காலியில் முழுசாக உட்காருவதற்குள் சீட்டு எழுதி முடிந்துவிட்டது. நீர் பிரிய ஒரு மாத்திரை, அடுத்த முறை அதிலேயே இன்னொன்று கூட. அந்த டாக்டர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசை வெளிக் கேட்டைத் தாண்டி நின்றது. நானும் ஜன்னலில் உட்காருகிறவள்தானே.

மூன்றாம் முறை போன அன்று காலையில் அண்ணன் காலுக்குச் செருப்பு நுழையவில்லை. அண்ணி தரையில் உட்கார்ந்து மாட்டிப் பார்த்தாள், வேட்டியை விலக்கித் தொட்டுப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய் அவனுடைய கருவிப் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். ஸ்பானருக்கும் இடுக்கிக்கும் நடுவில் வலி மாத்திரை அட்டை, பாதி காலி.

"விட்டுட்டேன்னீங்களே" என்றாள். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. அட்டையை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை, வண்டியில் போகிற வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். பதில் சொல்ல அவனுக்கு மூச்சு இல்லை. அது தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் முறை வந்து உள்ளே போனால், மேஜைக்குப் பின்னால் ஒரு சின்ன வயது டாக்டர். சட்டைக் காலர் கசங்கி, கண்ணெல்லாம் சிவந்து, எத்தனை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறாரோ தெரியவில்லை. அண்ணியைப் பார்த்ததும் நிமிர்ந்தார். அண்ணிக்கும் முகம் மலர்ந்தது. என் காதோடு, "நம்ம கூடத்துப் பிள்ளை. நல்லா கேப்பாரு" என்றாள்.

நல்லாத்தான் கேட்டார். அப்படி ஒரு டாக்டரை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. பேனாவை மூடிக் கீழே வைத்தார். எங்கள் முதுகில் இடித்துக்கொண்டு நின்றவர்களை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தச் சொன்னார். நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "வாங்கம்மா, உட்காருங்க. அவசரமே இல்ல. என்ன கஷ்டம்னு உங்க வாயாலயே சொல்லுங்க" என்றார்.

அண்ணி சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், சமையல் யார், உப்பு எப்படி, மாத்திரையை எடுத்துக் கொடுப்பது யார், இங்கே வந்து போக எவ்வளவு தூரம், கடையை மூடிவிட்டு வந்தால் வருமானத்துக்கு என்ன செய்வீர்கள். ஒவ்வொன்றுக்கும் அண்ணி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் ஏறி இறங்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"இவர் வேற எங்கயாவது காட்டுறாராம்மா? முட்டி வலி, இடுப்பு வலின்னு? உங்க பையில ஏதாவது மாத்திரை வச்சிருக்கீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜோசியர் போல அல்லவா கேட்கிறார்! அண்ணி பையைத் திறந்து அட்டையை மேஜையில் வைத்தாள். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, எதிர்பார்த்தது போலத் தலையை ஆட்டினார். இதுதான் காரணம், இதை நிறுத்தியே ஆக வேண்டும், முட்டிக்கு வேறு வழி இருக்கிறது, அந்தக் கட்டடத்துக்கு நானே எழுதித் தருகிறேன் என்று நிதானமாக விளக்கினார்.

பிறகு, "இப்போ சாரோட காலை அழுத்திப் பார்க்கிறேன்" என்றார்.

சொன்னாரே ஒழிய நாற்காலியை விட்டு எழவில்லை. யாரோ பதில் சொல்லக் காத்திருப்பவர் போல ஒரு கணம் பக்கவாட்டில் பார்த்தார்.

"கணுக்கால்ல லேசா குழி விழுது டாக்டர்" என்றாள் அண்ணி.

அவர் குறித்துக்கொண்டார். எனக்கு என்னவோ இடறியது. காலையில் செருப்பு நுழையாத கால் அது. ஆனால் படித்தவர் ஒருவரும் பழகியவள் ஒருத்தியும் பேசிக்கொள்ளும்போது நான் யார் நடுவில் மூக்கை நுழைக்க? ஊரெல்லாம் நுழைகிற மூக்கு அன்றைக்கு என்று பார்த்துச் சும்மா இருந்தது.

"எல்லாத்தையும் தனியாவே சுமக்குறீங்க போல இருக்கேம்மா. உங்களை யாரு பார்த்துக்குறாங்க?" என்று கேட்டார் கடைசியில்.

அண்ணி உடைந்துவிட்டாள். அந்தக் கேள்வியைக் கூடத்தில் நூறு பிள்ளைகள் கேட்டு நூறு தடவை அழுதிருக்கிறாள். இது அந்த அழுகை இல்லை என்று எனக்குத் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவர் பெட்டியிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவள் அடங்கும்வரை பேசாமல் இருந்தார். பிறகு சீட்டை எழுதி நீட்டி, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "ரொம்ப நல்லா பண்ணீங்கம்மா. சாரும் அருமை. மூச்சு வாங்குறது அப்படியே நிஜம் மாதிரி இருந்துச்சு."

"தேங்க்ஸ் டாக்டர்" என்றாள் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மருந்து வாங்கும் கவுன்டருக்கு எதிரே இருந்த பெஞ்சில் அண்ணனை உட்கார வைத்தோம். அவனால் நிமிர முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. வரிசையில் நின்றபடி அண்ணியைக் கேட்டேன்.

"அண்ணி, நிஜம் மாதிரி இருந்துச்சுன்னாரே, அப்படின்னா என்ன அர்த்தம்?"

"யாரு?"

"டாக்டர்தான். அண்ணனுக்கு மூச்சு வாங்கறது நிஜம் மாதிரி இருந்துச்சாம். நீங்ககூட தேங்க்ஸ் சொன்னீங்களே."

அண்ணி என்னைப் பார்த்தாள். அவள் பார்வை என் தலைக்கு மேலே சுவருக்குப் போனது. அங்கே ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. டாக்டர்களின் அணுகுமுறையைச் சோதிக்க இந்த மாதம் பயிற்சி பெற்றவர்கள் நோயாளிகளாக வருவார்கள், யார் என்று முன்கூட்டிச் சொல்லப்படமாட்டாது, அவர்களும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். கூடத்திலிருந்து சிலரை அனுப்பப் போவது அண்ணிக்குத் தெரியும். அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை, அதனால் மறந்தே போயிருந்தாள்.

"ஐயோ" என்றாள். "நான் லேசான்னு சொன்னேனே."

என் கையில் பையைத் திணித்துவிட்டு ஓடினாள். நிற்கவே கூடாது என்று சொல்லப்பட்ட காலோடு ஓடினாள். நான் அண்ணனை ஒரு பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனேன். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள், வாசலில் நின்ற ஊழியர் கையை நீட்டி மறித்தார். அவர் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டாள்.

"டாக்டர், அவரு என் வீட்டுக்காரர். நிஜமாவே."

அவர் சிரித்தார். கோபம்கூடப் படவில்லை. "புரியுதும்மா. நீங்க அப்படித்தான் சொல்லணும். அடுத்தவங்க காத்திருக்காங்க பாருங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி மேஜையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். பேனா உருண்டு கீழே விழுந்தது.

"மணி அடிங்க டாக்டர். மணி அடிங்க!"

ஒரு மனிதர் முகத்தில் ரத்தம் அப்படிச் சுண்டி நான் பார்த்ததில்லை. நாற்காலி பின்னால் சாய எழுந்தார். எங்களுக்கு முன்னால் அவர்தான் ஓடினார். பெஞ்சுக்கு முன்னால் முழங்காலிட்டு, அண்ணன் நெஞ்சில் கையை வைத்தார், வேட்டியை ஒதுக்கிக் கட்டை விரலால் அழுத்தினார். கணுக்காலில் விழுந்த குழி அப்படியே நின்றது. முழங்காலுக்குக் கீழே அழுத்தினார், நின்றது. தொடையில் அழுத்தினார், அங்கேயும் நின்றது. "ஸ்ட்ரெச்சர்!" என்று கத்தினார். அது வரத் தாமதமானதும் தானே போய் இழுத்து வந்து தானே தள்ளிக்கொண்டு போனார்.

அண்ணன் பிழைத்தான். சில நாள் எது வேண்டுமானாலும் ஆகலாம் என்றார்கள். ஊசி போட்டு நீரை இறக்கினார்கள், மூக்கில் குழாய், சிறுநீரகம் பாதி போய்விட்டது என்றார்கள். நானும் அண்ணியும் வார்டு வாசலில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கிடந்தோம். அந்தச் சமயத்தில் எனக்கு ஒரே ஒரு வேலைதான், அந்த டாக்டருக்கு வைத்திருந்த வார்த்தைகளை மனதுக்குள் தீட்டிக்கொண்டிருப்பது. ஜன்னலில் உட்கார்ந்து நான் சேர்த்த வசவெல்லாம் ஒரே ஆளுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார ஆரம்பித்த நாளில் அவர் வந்தார். தினமும் வந்துதான் போனார், ஆனால் கூட்டத்தோடு கூட்டமாக. அன்றைக்குக் கோட் இல்லாமல், வேலை முடிந்து தனியாக வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"திட்டணும்னா திட்டுங்கம்மா" என்றார் அண்ணியிடம்.

நான் தொண்டையைச் செருமினேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்" என்றார் அவர். "அன்னைக்கு உங்களுக்கு முன்னாடி வந்தவங்க யார்கிட்டயும் பையில என்ன இருக்குன்னு நான் கேக்கல. உங்களுக்கு அப்புறம் வந்தவங்ககிட்டயும் கேக்கல. கேக்க நேரம் இருந்ததே இல்ல. பரீட்சைன்னு நினைச்சேன், அதனாலதான் உங்ககிட்ட கேட்டேன்."

தீட்டி வைத்திருந்ததெல்லாம் எனக்கு மழுங்கிப்போயிற்று. என்ன சொல்வது? நிஜம் என்று நம்பிய இரண்டு டாக்டர்கள் எங்களைச் சீட்டு எழுதி அனுப்பினார்கள். இவரும் நிஜம் என்று நம்பியிருந்தால் காலை அழுத்திப் பார்த்திருப்பார், ஒருவேளை. பையைத் திறக்கச் சொல்லியிருக்கமாட்டார். அண்ணன் வீட்டுக்கு வந்து அதே மாத்திரையை இன்னொரு இடத்தில் ஒளித்து வைத்துப் போட்டிருப்பான். யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபம் உடம்புக்கு ஆகாது. எனக்கு அலுப்பாக இருந்தது. அழ வேண்டும் போல இருந்தது.

"லேசான்னு சொன்னது நான்தானே டாக்டர்" என்றாள் அண்ணி. கையை மடியில் வைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல் பேசினாள். "காலையில என் கையால தொட்டுப் பார்த்தேன். தொடை வரைக்கும் ஏறினது எனக்குத் தெரியும். நீங்க அந்த மாதிரி உட்கார்ந்து, அந்த மாதிரி கேட்டதும், வாயில அட்டையில இருக்கிறதுதான் வந்துச்சு. கட்டின புருஷன் பக்கத்துல மூச்சுத் திணறுறாரு, நான் கொட்டாவியோட காலைச் சொல்லிட்டு இருந்திருக்கேன்."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. டாக்டர் இந்த முறை காகிதக் கைக்குட்டை தேடவில்லை, பாடத்தில் உள்ள எதையும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கும் முகம் கோணிக்கொண்டு வந்தது.

அண்ணன் மூக்குக் குழாயை ஒரு விரலால் நகர்த்தினான்.

"நீங்க ரெண்டு பேரும் தப்பா பண்ணீங்க" என்றான் இழுத்து இழுத்து. "நான் ஒருத்தன்தான்... ஒழுங்கா மூச்சு வாங்கினேன்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. நர்ஸ் வந்து எங்கள் மூன்று பேரையும் வெளியே அனுப்பினாள்.

இப்போது அண்ணன் குந்துவதில்லை. கடையில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, வேறு ஆள் கட்டுகிற காயிலுக்கு நொட்டை சொல்கிறான். அண்ணி சில மாதம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி கூடத்துக்குப் போகிறாள். போகாமல் எப்படி? ஆனால் அந்தக் கேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வீக்கம் இல்லாவிட்டாலும் காலைத் தொட்டு அழுத்தியே தீர வேண்டும் என்று டாக்டரம்மா அதில் மாற்றம் செய்திருக்கிறார், அதனால் கொட்டாவிக்கு நாள் முழுக்கக் கூச்சமாம். அண்ணிக்கு இப்போது வெறும் தலைவலி. வீட்டில் பிரச்சினை இல்லை, பையில் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் நம்பாமல் தோண்டித் துருவுகிறார்கள். "ஒண்ணுமில்ல டாக்டர், தலைவலிதான்" என்று சொல்லிச் சொல்லி நிஜமாகவே தலைவலியோடு வருகிறாள்.

வந்ததும் அண்ணனிடம் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் அவன் "நல்லா இருக்கேன்" என்பான், அந்த நடிப்பை மிஞ்சக் கூடத்திலும் ஆள் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அவன் காலடியில் தரையில் உட்காருகிறாள். கட்டை விரலால் கணுக்காலை அழுத்தி, எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நானும் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நிற்கிறேன்.

"லேசாத்தான் இருக்கு" என்பான் அண்ணன்.

அண்ணி காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். குழி சீக்கிரம் மேலே வந்துவிட்டால் எழுந்து போய் விளக்கைப் போடுவாள். வராத நாளில் கைப்பையை எடுத்துக்கொள்வாள், நான் அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொள்வேன்.